அத்தை கையில் என் நாடி

அந்தக் கைக்கடிகாரம் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். பிற்பாடு அதை வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கறுப்புப் பட்டை, சதுர முகம். கையில் கட்டினால் அடியில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று மேலே நம்பர் வரும். துடிப்பு ஏற ஏற அந்த நம்பர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், அப்புறம் சிவப்புக்கும் மாறும். சிங்கவரம் ரோட்டில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றைக் கட்டிய முதல் பொம்பளை நான்தான். இரண்டு நாள் சும்மாவே கையைத் தூக்கித் தூக்கி மணி பார்த்தேன்.

எதற்கு அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். நான் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் செய்திருந்தேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து இதுவரை யாரும் காக்கிச் சட்டை போட்டதில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் வீட்டில் கிடந்த நான், ரிசல்ட்டில் இருந்தது என் நம்பர்தானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். மிச்சம் இருந்தது கிரவுண்டு என்கிற உடல்தகுதித் தேர்வு மட்டும்தான். நானூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தால் மற்றதை எப்படியாவது தாண்டிவிடலாம். தவறவிட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். அதாவது, இந்த ஒரு ஓட்டம்தான். இதற்குப் பிறகு ஓட்டமே கிடையாது.

பயிற்சி ஆரம்பித்த இரண்டாவது வாரம் ஒருநாள் காலை, வெறும் வயிற்றோடு ஓடி, பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் தெளித்தால் எழுந்திருக்கும் மயக்கம்தான். ஆனால் செய்தி மஸ்கட்டுக்குப் போய்ச் சேரும்போது நான் பாதி செத்திருந்தேன். என் மாமனார் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அப்போது என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வயது. நெஞ்சு என்று யாராவது சொன்னாலே அவருக்கு அந்தக் கொல்லை ஞாபகம் வந்துவிடும்.

“ஓடவே வாணாம்,” என்றார். மூன்று நாள் போனில் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரிச் சோற்றைக்கூடத் தள்ளி வைத்தேன். கடைசியில் இறங்கி வந்தார். வாட்ச் வந்தது. அதன் கணக்கு அவர் போனிலும் ஓடும்படி செய்து வைத்தார்.

“பச்சைல இரு, மஞ்சள்ல இரு, நான் ஒன்னும் கேக்க மாட்டேன். செவப்பு வந்துச்சுன்னா அன்னியோட கிரவுண்டு கட். அப்புறம் அழுதாலும் சரி, புரண்டாலும் சரி.”

நானும் சரி என்றேன். எனக்கு ஓடக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மிலிட்டரியில் இருந்து வந்தவர். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் வாட்சைப் பார்த்துவிட்டு, “இது நல்ல சாமானும்மா. செவப்புல எத்தினி நிமிஷம் நிக்கறன்னு தெனம் எனக்குக் காட்டு,” என்றார்.

“மஞ்சள்லயே ஓடினா ஆவாதா சார்?”

“மஞ்சள்ல ஓடினா பஸ்ஸ புடிக்கலாம். நானூறு மீட்டரு டயத்துல முடியணும்னா நெஞ்சு வாய்க்கு வரணும்.”

ஒரே மணிக்கட்டில் இரண்டு எஜமான்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தருக்குச் சிவப்பு வேண்டும், ஒருத்தருக்குச் சிவப்பு கூடாது. காலை ஆறு மணிக்கு நாங்கள் மைதானத்தில் நிற்கும்போது அங்கே நாலரை மணி. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் போனைத் திறப்பார். கோட்டை மலை மேல் வெளிச்சம் விழும் நேரத்தில், கடல் தாண்டி ஒருவர் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வளைவில் வேகம் எடுப்பேன். நம்பர் ஏறும். வாட்ச் மணிக்கட்டில் விர்ரென்று அதிரும். உடனே காலைத் தளர்த்துவேன். மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே, “ஏம்மா, கல்யாண ஊர்வலமா போற?” என்று கத்துவார்.

மைதானத்தோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. ரேஷன் கடையில் வரிசையில் புகுந்த ஒருத்தியிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் போன். “பத்தே காலுக்கு நூத்தி இருவதுக்குப் போயிருக்குது. இன்னா பண்ணிக்கினு இருந்த?” பல்லி மேலே விழுந்தாலும் போன், படியேறினாலும் போன். ஊரில் ஒருவன் நம் மனசை நோட்டம் விட்டால் ‘பல்ஸ் பார்க்கிறான்’ என்போம். இந்த மனுஷன் நிஜமாகவே என் பல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்காமல், “நீ பேசறப்பதான் மாமா எனக்கு ஏறவே ஏறுது, போன வை!” என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். அந்தப் பத்து நிமிடம் பாத்ரூமில் சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டு மாதத்தில் என் நேரம் நாலு விநாடிகூடக் குறையவில்லை. மாஸ்டர் திட்டுவதையும் விட்டுவிட்டார். அவர் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வழி சொன்னது என் மாமியார்தான். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மருமகள் பேண்ட் போட்டுக்கொண்டு தனியாகப் போகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று தினமும் என்னோடு மைதானத்துக்கு வருவார். மதில் ஓரம் புங்கமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். ஏழு மணிக்கு மேல் கொல்லை வேலைக்கோ நூறுநாள் வேலைக்கோ கிளம்பிவிடுவார். அன்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

“அந்தக் கருமத்தக் கழட்டி என் கையில கட்டு.”

“உங்களுக்கு எதுக்கு அத்த?”

“நான் குந்திக்கினு கெடக்கறேன், எனக்கு இன்னா ஏறப் போவுது? அவன் பச்சையப் பாத்துக்கினே வேலைக்குப் போவட்டும். நீ ஓடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையை ஏமாற்ற ஒரு தாய் கையை நீட்டுகிறாள். ஆனால் நான் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. கட்டிவிட்டேன்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. “நம்பரு நல்லா இருக்குது, ஆனா நடந்த கணக்கே ஏறலையே?” என்று போனில் கேட்டார். மறுநாளிலிருந்து அத்தை உட்கார்ந்தபடியே கையை ஆட்ட ஆரம்பித்தார். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி வலமாகச் சுற்றுவார், கை வலித்தால் முன்னும் பின்னும் வீசுவார். வாட்ச் அதை ஓட்டமென்று நம்பிவிட்டது. பக்கத்தில் வாக்கிங் போன ஒருவர், “இன்னாம்மா, கை வாதமா?” என்று கேட்டார். “ஆமாம்பா, டாக்டர் ஆட்டச் சொன்னாரு,” என்று அத்தை முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னார். அன்று வீடு வரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அங்கே என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “எழுவத்தெட்டுல ஓடறியேடி! மாஸ்டரு பிச்சு உதர்றாரு போல!” என்பார். காலையில் பஸ்ஸில் இருந்தே இதயம் படம் ஒன்று அனுப்புவார். நான் பதிலுக்கு ஒன்று அனுப்பும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவ்வளவுதான். என் கை வெறுமையாக இருந்தது, கால் பறந்தது. சிங்கவரம் மலைப் படிகளில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மைதானத்தில் நெஞ்சு வாய்க்கு வந்து, புல்லில் வாந்தி எடுத்து, மறுபடி ஓடினேன். மூன்றே மாதத்தில் நேரத்துக்குள் வந்துவிட்டேன். மாஸ்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார்.

கிரவுண்டுக்கு ஏழு நாள் இருந்தது. அன்று ஓடி முடித்து மரத்தடிக்கு வந்தபோது அத்தை கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாட்சில் நூற்று நாற்பத்தெட்டு. சிவப்பு.

“அத்த, எங்கனா எழுந்து போனீங்களா?”

“இல்லடி. வாய்வு. காத்தாலேர்ந்து நெஞ்சுல வந்து அடைச்சுக்கினு இருக்குது.”

எங்கள் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் வாய்வுதான், தலை சுற்றினால் பித்தம்தான். அத்தைக்கு ஒரு மாதமாகவே பித்தமும் இருந்தது, வாய்வும் இருந்தது. ஓமத் தண்ணீர் குடிப்பார், கடைத்தெருவில் நின்று கோலி சோடா குடித்து ஏப்பம் விடுவார், சரியாகிவிட்டது என்பார். நானும் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன். “முடிஞ்சுது,” என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. “நைனா மாதிரி நீயும் போய்ச் சேரணுமா? கிரவுண்டும் வாணாம் ஒரு மயிரும் வாணாம்.” கெஞ்சினேன், அழுதேன். ஒரே ஒரு தடவை ஏறியதற்கு இப்படியா என்றேன். கடைசியில், “ஆஸ்பத்திரிக்குப் போ. ஈ.சி.ஜி. எடு. நார்மல்னு டாக்டரு எழுதிக் குடுத்தா ஓடு,” என்றார்.

போனை வைத்ததும் வாட்சின் பழைய கணக்கைத் தள்ளிப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு காலை நூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. இரண்டும் அத்தை கையில் இருந்த நேரம். வீட்டுக்காரருக்கு அது கண்ணில் படவில்லை, அந்த நாட்களில் டூட்டி மாறியிருக்க வேண்டும். அத்தையிடம் காட்டினேன்.

“அத்த, இது வாய்வு இல்ல.”

“இருந்தா இருக்கட்டும். உனுக்கு கிரவுண்டு முடியட்டும், அப்பால பாத்துக்கலாம். இப்ப அவங்கிட்ட வாயத் தொறந்தன்னா, நாம பண்ண கூத்து மொத்தமும் வெளிய வந்துரும். உன்ன வாசப்படி தாண்ட உட மாட்டான்.”

சரி என்று சொன்னேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அத்தை சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் சரி என்றேன். நாலு நாள் அந்தச் சரியோடு இருந்தேன். காலையில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பேன். சொன்னால் என் ஓட்டம் போகும், சொல்லாவிட்டால் இந்த மனுஷியே போய்விடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அத்தையைக் கூட்டிக்கொண்டு தனியாக டாக்டரிடம் போகலாமென்று இரண்டு முறை கேட்டேன். “போடி வேலையப் பாத்துக்கினு,” என்று இரண்டு முறையும் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் ஈ.சி.ஜி. எடுக்கப் போனோம், அதாவது எனக்கு. வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் அத்தை கையில் கட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“குதிர நெஞ்சும்மா உனக்கு. தாராளமா ஓடு. இந்த வாட்ச நம்பி டென்ஷன் ஆவாத, கழட்டிப் போடு.”

நார்மல் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது என் உடம்பே லேசாகிவிட்டது. மூன்று நாளில் கிரவுண்டு. இதைப் படம் பிடித்து அனுப்பினால் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்தேன். அத்தை பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். “நார்மலா?” என்று கேட்டார். அதைக் கேட்கவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. கையில் நூற்று ஐம்பத்தாறு.

நான் திரும்பி உள்ளே போனேன். டாக்டர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்த வாட்சுல வந்தது என் நெஞ்சு இல்ல சார். வெளிய குந்திக்கினு இருக்காங்க.”

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அத்தையைப் படுக்க வைத்து எடுத்த தாளில் கோடுகள் தாறுமாறாக ஓடின. நெஞ்சு தாளம் தப்பி அடிக்கிறது, இப்படியே விட்டால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்க் கை கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்சில் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. பாதி வழியில்தான் பேசினார்.

“மூணு நாளு. மூணே மூணு நாளு பொறுத்திருக்கக் கூடாதாடி?”

வீட்டுக்காரருக்கு வார்டு வாசலில் நின்று போன் செய்தேன். முதல் நாள் புங்கமரத்தடியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப தெனம் காத்தால நான் பாத்தது…”

“அத்தையோடது.”

“கை ஆட்டிக்கினு குந்திக்கினு இருந்தாங்களா?”

“ஆமா மாமா.”

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், “அம்மாவப் பாத்துக்கோ. டிக்கெட் கெடைக்க நாலு நாளாவும்,” என்றார். கிரவுண்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் ஓட்டமும் விழுப்புரத்தில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலை ஆறு மணிக்குள் வாசலுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் விட மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் வந்து, மருந்தில் துடிப்பு இறங்கவில்லை, காலையில் தொண்டை வழியாக ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு, ரத்தக்கட்டி இல்லையென்றால் கரண்ட் வைத்துச் சரி செய்வார்கள் என்றார். ஏழு மணிக்கு டாக்டர் வரும்போது சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் இப்பவே போட்டுக் குடுத்துடறேன் சிஸ்டர்.”

“டாக்டரு எடுத்துச் சொல்லித்தாம்மா வாங்குவாரு. வேற யாரும் இல்லையா?”

நாத்தனாருக்கு பெங்களூரில் பிரசவமாகிப் பதினோரு நாள். என் அம்மா தம்பியோடு கட்டட வேலைக்கு ஆந்திராவில். எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்திருப்பார், ஆனால் அவர் கையெழுத்து செல்லாது.

காலை ஐந்து மணிக்கு அத்தை என்னைத் தட்டி எழுப்பினார். கட்டிலுக்கடியில் என் ஷூ இருந்த பையைக் காலால் தள்ளினார்.

“கெளம்பு.”

“டாக்டர் வருவாரு அத்த.”

“வரட்டும். நான் கைநாட்டு வெக்கறேன். கெளம்புடி, சனியனே!”

போகவில்லை. ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. ஆறு மணி அடித்ததும் அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் நான் நல்ல மருமகள் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு அத்தை மேல் வெறுப்பு வந்தது. வயிற்றெரிச்சலோடு வந்தது. இந்த வாய்வு இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஏழேகாலுக்கு டாக்டர் வந்தார். அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டேன். அத்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்கு மேல் கொண்டுவந்து விட்டார்கள். தாளம் சரியாகிவிட்டதாம். மயக்க மருந்து இன்னும் முழுதாகத் தெளியவில்லை, அப்படித்தான் கொஞ்ச நேரம் உளறுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். அத்தை கண்ணைப் பாதி திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஊசி குத்தியிருந்த கையால் என் விரலைத் தேடிப் பிடித்தார்.

“ஓடனியாடி?”

நான் மற்றொரு கையால் துணியை மறுபடி நனைத்தேன்.

“ஓடனியா? டயத்துல வந்துட்டியா?”

“ஓடிட்டேன் அத்த,” என்றேன். “பாஸ்.”

அத்தை முகம் முழுக்கச் சிரித்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டே மறுபடி கண்ணை மூடிவிட்டார். என் விரலை மட்டும் விடவில்லை. மருந்து தெளிந்து அவர் முழுதாகக் கண் விழிப்பதற்குள் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு, விரலை உருவாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.